ஓடுறப்பவே பாக்கணும்

அப்பாவின் மோட்டார்சைக்கிளுக்குக் கடைசி நாள் குறித்தாகிவிட்டது.

1998 மார்ச்சில் பதிவான யமஹா ஆர்எக்ஸ்ஸெட். என்னைவிட ஒரு வயது இளையது. சிங்கப்பூரில் ஒரு வண்டிக்கு இரண்டு விலை. ஒன்று வண்டிக்கு, இன்னொன்று அதைப் பத்தாண்டு வைத்திருக்கும் உரிமைக்கு. அந்த உரிமைச் சான்றிதழைத்தான் சிஓஇ என்போம். 1990-இல் வந்த ஏற்பாடு. பத்தாண்டு முடிந்ததும் அன்றைய விலையைக் கட்டிப் புதுப்பிக்கலாம், இல்லையென்றால் வண்டிக்கு விடை கொடுத்துவிட வேண்டும். அப்பா 2008-இல் புதுப்பித்தார். 2018 மார்ச்சில் மறுபடியும் புதுப்பித்தார். அந்த இரண்டாம் முறை கட்டிய பணத்தை அம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுவார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஏப்ரல் 6-ஆம் தேதி, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அறிவிப்பு வந்தது. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓடக்கூடாது. அதற்கு முன், 2023 ஏப்ரல் 5-க்குள்ளேயே பதிவை ரத்து செய்பவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை.

அப்பா தமிழ் முரசில் அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். "இன்னும் பத்து வருஷம் கெடக்கு" என்றார். அவ்வளவுதான்.

விலக்கே இல்லாமல் இல்லை. 'கிளாசிக்' திட்டம் என்று ஒன்று உண்டு. அதில் சேர்ந்தால் ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டும் வண்டியை வெளியே எடுக்கலாம். ஆனால் வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். 1998-ஐயும் 35-ஐயும் கூட்டினால் 2033. சாலையில் ஓட வயது அதிகம், பழம்பொருளாக வயது போதாது. நடுவில் ஐந்து வருடம். பதிவை ரத்து செய்தபின் வீட்டு வரவேற்பறையில் நிறுத்தி அழகு பார்க்கவும் வழியில்லை. ஒரு மாதத்துக்குள் உடைக்கக் கொடுக்க வேண்டும் அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும்.

இப்படி ஒரு வண்டியை, முடிவு தெரிந்த ஒரு வண்டியை, ஏன் உட்கார்ந்து சரிசெய்தாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு நேரம் ஒரு பதில் சொல்வேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

*

அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் இருந்தவர். கப்பலிலிருந்து கொள்கலன்களைத் தூக்கும் பெரிய கிரேன்கள். கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பேரிங்கில் சத்தம் வருகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம். அந்த வேலையிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த வாக்கியம் ஒன்று உண்டு.

"ஓடுறப்பவே பாக்கணும். நின்னப்புறம் பாத்தா அதுக்குப் பேரு ரிப்பேரு."

பரீட்சைக்கு முதல்நாள் நான் புத்தகத்தைத் திறக்கும்போதும் இதையேதான் சொல்வார்.

வண்டிக்கென்று அவரிடம் 555 நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு. மளிகைக்கடைக் கணக்கு எழுத ஒருகாலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. "14-6-03. டூடி எண்ணெய். பிளக் மாத்து. 61,240" என்ற மாதிரி ஒரு வரி. அடுத்து இன்னொரு வரி. இருபத்துநாலு வருடத்துக்கு ஏழு நோட்டு. அதில் என் பிறந்தநாளோ, தாத்தா இறந்த நாளோ கிடையாது. ஆனால் தாத்தா இறந்த வாரத்தில்தான் பின் டயர் மாற்றியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை இங்கே மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏற்றக்கூடாது. அப்பா சட்டத்தை ஒரு நாள்கூட மீறியதில்லை. என் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கித் தந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈசூனிலிருந்து தேக்காவுக்குப் புறப்பட்டோம். மட்டன், முருங்கைக்காய், வெற்றிலை. அப்புறம் ஜாலான் புசார் பக்கம் ஒரு பின்சந்தில் இருந்த சீன மெக்கானிக் அங்கிளிடம் அரைமணி நேரம். அப்புறம் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை. திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கிய, தரையில் துணி விரித்துப் பழைய கடிகாரமும் டெலிபோனும் விற்கிற இடம். ஆர்எக்ஸ்ஸெட்டின் பக்கவாட்டு மூடி ஒன்று அங்கே கிடைத்தபோது அப்பா பேரம் பேசவே இல்லை. வியாபாரி சந்தேகமாகப் பார்த்தார். 2017 ஜூலை 10-ஆம் தேதி அந்தச் சந்தையை மூடினார்கள். முந்தின நாள் நாங்கள் போயிருந்தோம். அப்பா ஒன்றும் வாங்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு சுற்று நடந்தார்.

*

2022 செப்டம்பரில் அப்பாவுக்கு பக்கவாதம் வந்தது. நான் பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். வலது கையும் காலும் விழுந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள் என்று கேட்டார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால், பாலிகிளினிக்கில் கொடுத்த மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மாத்திரைகளுக்குப் பக்கத்தில்தான் அந்த 555 நோட்டுகள். வண்டி எண்ணெய் குடித்த தேதி எல்லாம் இருந்தது. அந்த வாக்கியத்தைத் தன் உடம்பிடம் மட்டும் அவர் சொல்லவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சொற்கள் வரும், ஆனால் இடம் மாறி வரும். தண்ணீர் என்று நினைத்துத் தட்டு என்பார். சில நாள் தமிழ்ச்சொல் கிடைக்காமல் மலாய்ச்சொல் வந்து விழும். நகைச்சுவை மட்டும் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்கு வந்த பெரியப்பா ஸ்ட்ரோக் ஸ்ட்ரோக் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப்பிடித்துச் சொன்னார்: "எனக்கு... ஒன்னு. என் வண்டிக்கு... ரெண்டு. ஓடலியா?"

புரிந்து நாங்கள் சிரிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

*

உண்மையில் வண்டி ஓடவில்லை. ஆறு மாதம் கார்ப்பார்க்கில் நின்றது. 2023 மார்ச் கடைசியில் ரோடு டாக்ஸ் கட்ட வேண்டும். அதற்குமுன் ஆண்டுப் பரிசோதனையில் தேற வேண்டும். ஏப்ரல் 5-ஆம் தேதியோடு ஊக்கத்தொகைக்கான கெடு முடிகிறது. மறுநாளிலிருந்து பழைய வண்டிகளின் புகைக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுகுகிறது. எல்லாம் இரண்டே வாரத்துக்குள் வந்து நின்றன.

அம்மா தெளிவாக இருந்தார். "யாரு ஓட்டப் போறா? அந்தக் காசுல நல்ல வீல்சேரு ஒன்னு வாங்கலாம். இப்ப இருக்கறது லிஃப்டுல திரும்ப மாட்டேங்குது." அதில் எனக்கு மறுத்துப் பேச ஒன்றுமில்லை. நான் 2பி லைசன்ஸ் எடுத்ததே அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது டியூஷன் எடுத்த காசில் ரகசியமாக எடுத்தது. அதைச் சொல்ல அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது. அன்றுதான் சொன்னேன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாரியம் சொல்வது சரி என்பது எனக்குத் தெரியும்.

நான் வேலை செய்வது கட்டடங்களின் காற்றோட்ட அமைப்புகளில். பாதி நாள் நிலத்தடிக் கார்ப்பார்க்குகளில் போகும். அங்கே தூண்களில் சின்னப் பெட்டிகளாகக் கார்பன் மோனாக்சைடு உணரிகள் இருக்கும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிடச் சுமார் 200 மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அளவு கூடினால் உணரி சொல்லும், விசிறி சுழலும். அந்த உணரிகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அப்பாவின் வண்டி அந்த உணரியை எழுப்பிவிடக்கூடிய வண்டி.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அப்படித்தான். நாலு ஸ்ட்ரோக்கில் உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, வெளியேற்றுவது என ஒவ்வொன்றுக்கும் பிஸ்டன் தனியாக ஒருமுறை ஏறும் அல்லது இறங்கும். டூ ஸ்ட்ரோக்குக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரே சுற்றில் எல்லாம் முடிய வேண்டும். எரிந்த புகை வெளியேறும் வழி திறந்திருக்கும்போதே புதுக் கலவை உள்ளே வரும். புகையைத் தள்ளி அனுப்புவதே அந்தக் கலவைதான். அந்த வேகத்தில் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலேயே புகையோடு போய்விடும். அடியில் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை என்பதால் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. நீலப் புகையும் அந்த வாசனையும் அதனால்தான். எனக்கு அது அப்பாவின் சட்டை வாசனை. பின்னால் வருகிறவருக்கு நெஞ்செரிச்சல்.

அந்த பிப்ரவரி 12-ஆம் தேதிதான் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். 1827-இல் தொடங்கிய கோயில். ஒரு வருடம் தமிழ்நாட்டுக் கைவினைஞர்கள் சாரத்தில் ஏறி ஒவ்வொரு சுதைச் சிற்பமாகச் சரிசெய்து வண்ணம் தீட்டியிருந்தார்கள். அன்றைய கூட்டத்தில் வீல்சேர் போகாது என்பதால் மூன்றாவது வாரம் அப்பாவைக் கூட்டிப்போனோம். கோபுரம் புத்தம்புதிதாக மின்னியது. அம்மா கைகூப்பி நின்றார். அப்பா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "கோயிலுக்கு... பன்னெண்டு வருஷம். வண்டிக்கு... பத்து."

"சாமிக்கு முன்னாடி என்ன பேச்சு இது" என்றார் அம்மா. ஆனால் திரும்பி வரும்போது எம்ஆர்டியில் என்னைப் பார்த்து, "ஒரு வாட்டி ஓடுதான்னு பாரு. ஓடலன்னா குடுத்துடணும்" என்றார்.

*

வீவக கார்ப்பார்க் வண்டியைப் பிரித்துப்போட்டு வேலை செய்யும் இடமல்ல. ஆகவே வண்டி நான்காம் தளத்தில் நின்றது, அதன் பாகங்கள் ஒவ்வொன்றாக லிஃப்ட் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தன. பெட்ரோல் ஒரு சொட்டுக்கூட வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. கீழேயே வடித்துக் காயவைத்துத்தான் கொண்டுவருவேன்.

முதலில் வந்தது கார்புரேட்டர். சாப்பாட்டு மேசையில் தமிழ் முரசை விரித்துப் பிரித்தேன். ஆறு மாதம் நின்ற பெட்ரோல், கிண்ணத்தின் அடியில் பனைவெல்லப் பாகு மாதிரி உறைந்திருந்தது. எஞ்சின் சும்மா நிற்கும்போது அதற்கு எரிபொருள் கொடுப்பது பைலட் ஜெட் என்ற ஒரு பித்தளைத் துண்டு. அதன் துளை ஊசிமுனைதான் இருக்கும். அது அடைத்திருந்தது. நான் மெல்லிய எஃகுக் கம்பியை எடுத்ததும் அப்பா இடது கையால் மேசையைத் தட்டினார். தலையை ஆட்டினார். பித்தளையைவிட எஃகு கடினம், கீறினால் துளை பெரிதாகிவிடும். அப்புறம் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பதற்குக் கணக்கே இருக்காது. பழைய சார்ஜர் ஒயரை உரித்து ஒற்றைச் செப்பு இழையை நீட்டினேன். அதற்குத் தலையசைத்தார்.

அடுத்தது டாங்க். உள்ளே துரு. வினிகர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால் துரு கரையும், பிறகு சமையல் சோடாத் தண்ணீரால் அலச வேண்டும், உடனே காயவைத்து உள்ளே எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி துரு படியும். குளியலறையில் ஒரு குழந்தையைப் போல டாங்க் படுத்துக்கிடந்தது. "ஊறுகாய்க்கு வச்சிருந்த வினிகரா?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் காலை நான் எழுந்தபோது, டாங்கிலிருந்து வடிந்த செந்நிறத் தண்ணீரை அம்மா வாளியில் பிடித்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ அழுக்கு பாரு" என்றார், யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

சிலிண்டரைத் திறக்கப் பின்சந்து அங்கிள் வேண்டியிருந்தது. லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். எழுபதைத் தாண்டியவர். அப்பாவுக்கும் அவருக்கும் பொதுமொழி சந்தை மலாய். இருபது வருடம் அதில்தான் சண்டை போட்டார்கள், அதில்தான் சிரித்தார்கள். என் தலைமுறைக்கு அந்த மொழி இல்லை. அங்கிள் என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார். பிஸ்டன் தலையிலும் புகை வழியிலும் படிந்திருந்த கரியை மரக்குச்சியால் சுரண்டக் கற்றுக்கொடுத்தார். இரும்பால் சுரண்டினால் அலுமினியம் கீறிவிடும். வேலை முடிந்ததும் காசு வாங்க மறுத்து, "2028, வண்டி ரிட்டயர். நானும் ரிட்டயர்" என்றார்.

*

மார்ச் இரண்டாம் வாரம், ஒரு சாயங்காலம், அப்பாவை வீல்சேரில் கார்ப்பார்க்குக்கு அழைத்து வந்தேன். பத்தொன்பதாவது உதையில் வண்டி உயிர்பெற்றது. ஆனால் நிதானம் இல்லை. ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் இறங்கவில்லை. தானாக ஏறியது, மெதுவாக இறங்கியது, மறுபடி ஏறியது.

அப்பா ஏதோ சொன்னார். "எஞ்சின்" என்று என் காதில் விழுந்தது.

"ஆமாப்பா, எஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும்."

அவர் தலையை ஆட்டி மறுபடி சொன்னார். நான் மறுபடி ஆமாம் என்றேன். அவர் முகம் சிவந்தது. நாற்காலியின் கைப்பிடியை அடித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, ஊது என்கிற மாதிரி, வாயைக் குவித்து ஊதினார். உதடு முழுதாக மூடவில்லை. வலது பக்க இடுக்கு வழியாகவே காற்று போய்விட்டது. கோபத்தில் என்மேல் துப்பப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தோம்.

இரவு அங்கிளுக்குப் போன் செய்து வண்டியின் நிலையைச் சொன்னேன். பேச்சுவாக்கில், அப்பா எஞ்சின் எஞ்சின் என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். எதிர்முனையில் கொஞ்சம் அமைதி. பிறகு சிரிப்பு. "எஞ்சின் இல்லை. அங்ஙின். மலாய். அங்ஙின்னா காற்று."

எங்கோ காற்று கசிகிறது. அதைத்தான் அப்பா சொன்னார், சொல் கிடைக்காமல் ஊதியும் காட்டினார். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அது வெடித்திருந்தால், கார்புரேட்டர் அளந்து அனுப்பும் காற்றோடு அளக்காத காற்றும் உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறையும், எஞ்சின் தறிகெட்டு ஓடும், சூடேறும். காற்றுக் குழாய்களில் கசிவு கண்டுபிடிப்பது என் சம்பள வேலை. புகைவிட்டுப் பார்ப்போம், அழுத்தம் ஏற்றிப் பார்ப்போம். பட்டம் பெற்ற எனக்கு அது தோன்றவில்லை. பாதி வாயில் அப்பா சொல்லியும் காதில் ஏறவில்லை.

மறுநாள் ஓடும் எஞ்சினில் அந்த ரப்பரைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரை லேசாகத் தெளித்தேன். அடிப்பக்கத்தில் பட்டதும் எஞ்சினின் சுருதி மாறியது. கழற்றி வளைத்துப் பார்த்தால், விரல்நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு.

சனிக்கிழமை குவீன் ஸ்திரீட்டில் 170 பேருந்து ஏறி ஜொகூர் பாரு போனேன். இங்கே கடைசி மூச்சு விடும் ஆர்எக்ஸ்ஸெட், பாலத்தைத் தாண்டினால் ராஜா. திரங்கானுவில் ஆர்எக்ஸ்ஸெட் பிரியர்கள் கூடினால் ஆயிரக்கணக்கில் வண்டிகள் வந்து ஊரே நீலமாகிவிடும். உதிரிபாகக் கடைக்காரர் தமிழர். "தம்பி, சிங்கப்பூரா? அங்க இன்னும் விட்டு வச்சிருக்காங்களா?" என்றார்.

"2028 வரைக்கும், அண்ணே."

"பாவம்லா" என்றார். என்னையா வண்டியையா என்று தெரியவில்லை. ரப்பரோடு ஒரு கேஸ்கட்டை விலையில்லாமல் சேர்த்துக் கொடுத்தார்.

மன்னார்குடியில் என் மாமா மகனிடம் ஆர்எக்ஸ்100 இருக்கிறது. இதன் சின்ன அண்ணன் என்று சொல்லலாம். இந்தியாவில் 1985-இலிருந்து 1996 வரை வந்த வண்டி. அங்கே பதினைந்து வருடத்துக்கு ஒரு பதிவு, அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். "அப்ப உங்க ஊர்ல வண்டிக்கு சாவே தேதி போட்டு வருதாடா?" என்று வீடியோ காலில் கேட்டான். அப்பா திரையை எட்டிப்பார்த்து அவன் எஞ்சினை ஓடவிடச் சொன்னார். கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "செயினு... லூசு" என்றார். லூசுதான்.

*

பரிசோதனை நிலையத்தில் புகைக்குழாய்க்குள் ஒரு குழலைச் செருகுவார்கள். திரையில் எண்கள் ஓடும். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன். வேலையில் தினமும் பார்க்கிற எண்கள்தான். ஆனால் அன்று பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி நின்றேன். தேறியது. 'பாஸ்' என்ற தாளை வீட்டில் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை அம்மாவிடம் நீட்டினார். அம்மா படித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார்.

ஏப்ரல் 5-ஆம் தேதி ஒரு புதன்கிழமை. 3,500 வெள்ளி வேண்டாம் என்று நாங்கள் உட்கார்ந்து தீர்மானிக்கவே இல்லை. அன்று இரவு வெண்டைக்காய்க் குழம்பு சாப்பிட்டோம், நாள் முடிந்தது. வீல்சேரை என் சம்பளத்தில் மே மாதம் வாங்கினேன். அது லிஃப்டுக்குள் திரும்புகிறது. அம்மா 3,500-ஐ மறந்துவிடவில்லை. தேக்காவில் மட்டன் விலை ஏறும்போதெல்லாம் நினைவுபடுத்துவார், என் பின்னால் உட்கார்ந்துகொண்டே.

நான் வண்டியை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுக்கிறேன். தினமும் வேலைக்கு எம்ஆர்டிதான். அதில் ஒரு சமாதானம் தேடுகிறேன் என்று தெரிகிறது. புகை புகைதான், ஞாயிற்றுக்கிழமை விட்டாலும். 2028-இல் யாராவது இந்த வண்டிக்காக மனு எழுதச் சொன்னால் கையெழுத்துப் போட மாட்டேன். போக வேண்டிய வண்டி. ஆனால் போகும்வரை அது புகை குறைத்து, எண்ணெய் சிந்தாமல், பிரேக் பிடிக்கிற வண்டியாக இருக்க வேண்டும். அங்கிளின் கடையில் சில வண்டிகளைப் பார்க்கிறேன். எப்படியும் போகப்போகிறதே என்று கவனிக்காமல் விட்டவை. அவைதான் அதிகம் புகைகின்றன.

ஆக்சிலேட்டர் கைப்பிடியையும் அதன் உறையையும் புதிதாக மாற்றியபோது பழையதை எறிய மனம் வரவில்லை. ஒரு பலகையில் அதைப் பொருத்தி, ஒரு ஸ்பிரிங் மாட்டி, சாப்பாட்டு மேசையில் கவ்வியால் இறுக்கினேன். பயிற்சியாளர் கொடுத்த பிசையும் களிமண்ணை அப்பா தொட்டதே இல்லை. "சப்பாத்தியா?" என்பார். இதைப் பார்த்ததும் வலது கையை இடது கையால் தூக்கி அதன்மேல் வைத்தார். முதல் மாதம் விரல்கள் அதைச் சுற்றவே இல்லை. இப்போது கால்வாசி திருப்புவார். திருப்பும்போது தொண்டைக்குள் மெல்லிய சத்தம் ஒன்று வரும். அவருக்குத் தெரிந்து வருகிறதா என்று நான் கேட்டதில்லை.

எட்டாவது 555 நோட்டை நான் தொடங்கினேன். இடப்பக்கம் வண்டி, வலப்பக்கம் அப்பாவின் ரத்த அழுத்தம். முதலில் அதைப் பார்த்து அப்பா முறைத்தார். வண்டி நோட்டில் இதெல்லாம் எதற்கு என்ற முறைப்பு. "ஓடுறப்பவே பாக்கணும்பா" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பட்டையைக் கையில் சுற்றிக்கொள்ள விட்டார். இப்போது மாத்திரை அட்டைகள் காலியாகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் ஒரு பக்கம் என்று வைத்தால் இடப்பக்கம் 2028 மார்ச்சில் முடிந்துவிடும். வலப்பக்கம் முடியாது. அதன்பிறகு இடப்பக்கத்தில் என்ன எழுதுவது என்று ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். என்னைச் சுட்டிக்காட்டினார்.

"ஒனக்கு... எவ்ளோ?"

எனக்கு இருபத்தெட்டு வயதுதான் அப்பா, எனக்கு எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன். பட்டை ஏற்கெனவே என் கையில் சுற்றப்பட்டிருந்தது. 134-க்கு 86. அப்பா பேனாவை இடது கையில் வாங்கி, கோணலாக, அதை அவரே எழுதினார்.